வெளுக்காத சாயம்

ஒருவருடைய பொய் வெளிப்பட்டால், அவருடைய ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம். பிலிமத்தலாவையில் மழை விடாத ஒரு காலைப்பொழுதில் இந்த மரபுத்தொடரை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். சிவப்புக் கம்பளிச் சட்டை அணிந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “வெளுக்காத சாயமும் இருக்கா, சேர்?” என்று கேட்டாள். அதற்கு விடை தேடப்போய்த்தான் நான் கம்பளியின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்ததோ சாயமே ஏறாத கம்பளி. கோப்பித் தோட்டக் காலந்தொட்டு, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு அரிசியோடு கம்பளியும் முன்பணக் கணக்கில் கொடுக்கப்பட்டது. அதன் விலை கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. பாட்டி தன் தாயிடமிருந்து பெற்ற கம்பளி, கறுப்பு ஆட்டின் மயிரில் நெய்தது. மழையில் கொங்காணி; இரவில் போர்வை. வெளுப்பதற்கு அதில் சாயம் இல்லை, கடன்தான் இருந்தது.

வண்ணக் கம்பளியின் கதை வேறு. சாயம் என்றால் வேரும் பட்டையும் இலையும் என்றிருந்த காலத்தில், 1856இல், லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட பொருளைக் கொண்டு அவர் செய்த சோதனையில் மருந்து கிடைக்கவில்லை. ஊதாச் சாயம் கிடைத்தது. 1862இல் எட்வர்ட் நிக்கல்சன், நீரில் கரையாத அனிலின் நீலத்தைக் கந்தக அமிலத்தின் துணையால் கரையச் செய்தார். கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய அமிலச் சாயங்களின் வரிசை இப்படித் தொடங்கிற்று.

இந்தப் புதுச் சாயங்களை வெறுத்தவர்களும் இருந்தனர். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மொரிஸ் 1870களில் லீக் நகரின் சாயப்பட்டறையில் தாமஸ் வார்டிலோடு நின்று, பழைய தாவரச் சாயங்களில் தம் கைகளாலேயே நூலைத் தோய்த்தார். அந்த மொரிஸின் அச்சியந்திரத்திலேதான் நம் ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலை அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். இயற்கைச் சாயங்கள் மறைந்துபோவது அவருக்கும் கவலையே. தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் பல வெயிலில் விரைவில் மங்கியவை. ஆகவே அந்தக் கவலை நியாயமானது.

எனினும் பின்வந்த அமிலச் சாயங்களில் உறுதியானவை பல உண்டு. கம்பளியும் நம் தலைமயிரைப் போலப் புரதமே. வினாகிரியின் புளிப்பு அந்தப் புரதத்தில் நேர் மின்னேற்றத்தை உண்டாக்க, எதிர் மின்னேற்றமுள்ள சாயம் அதைப் பற்றிக்கொள்கிறது. பருத்திக்கு இந்தப் பிடி இல்லை.

கையால் தோய்ப்பவர் நூலையோ முறுக்கேறாத திரியையோ முதலில் நீரில் நன்றாக ஊறவைப்பார். பிறகு சாயமும் வினாகிரியும் கலந்த நீரில் அமிழ்த்தி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே மெல்லச் சூடேற்றுவார். பலமாகக் கிண்டினால் கம்பளி சிக்குண்டு திரண்டுவிடும். அளவாகச் சாயமிட்டுப் பொறுத்திருந்தால், சிவந்திருந்த நீர் தெளிந்துவிடும். சாயம் நூலுக்குள் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு தானாக ஆறவிட்டு அலசவேண்டும். அவசரக்காரர் தெளியுமுன் எடுத்த நூல்தான் துவைக்கும்போது சாயம் விடும்.

மாணவியிடம் இதைச் சொன்னேன். வேரில் பிறந்ததா, தாரில் பிறந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. நூலோடு பிணைந்ததா என்றும் கேட்கவேண்டும். பாட்டியின் கம்பளியையும் சொன்னேன். கடனோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சாயமேறாத அந்தக் கம்பளியில் அழுத்தமாகப் பற்றியிருந்தது கடன்தான்; அது வெளுக்க அத்தனை காலம் பிடித்தது.