எருக்கஞ்செடியும் சிறுவர் நூலும்

குழந்தை இலக்கியத்திற்குப் புதுக்கோட்டை மண் அளித்த கொடை பெரிது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922 நவம்பர் 7 அன்று இராயவரத்தில் பிறந்தார். சமஸ்தானமாக விளங்கி 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த இப்பகுதியின் தலைநகரிலிருந்து அக்காலத்தே சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. வங்கிப் பணிக்கிடையே இதழாசிரியராகவும் உழைத்த வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார்.

ஆயினும், அத்தலைமுறையில் வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் பாட்டுக்குரிய பொருளாகவே பறந்தது எனலாம். அதன் உணவு யாது, முட்டை எங்கே என்று வினவும் சிறுவனுக்குப் பாட்டு விடை சொல்லாது. (பாட்டின் குறையன்று அது, அதன் பணி வேறு.) அறிவு நூல்கள் மெல்லவே வந்தன. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதிகள் கொண்ட பெருஞ்செயல். 1987இல் 'துளிர்' அறிவியல் இதழ் பிறந்தது. வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ஆர். பானுமதியின் அறிமுகக் கையேட்டைக் க்ரியா பதிப்பகம் பின்னாளில் வெளியிட்டது.

இத்தகைய நூலின் உயிர் பெயரில் இருக்கிறது. 'வெந்தய வரியன்' என்னும் பெயரைக் கேட்ட பிள்ளை அந்த நிறத்தை மறவாது. புதுக்கோட்டையின் வறண்ட புறம்போக்குகளில் மண்டிக்கிடக்கும் எருக்கிலையில்தான் அது முட்டையிடும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியிட்ட புழு எருக்கை உண்டு வளர்கிறது. அப்பாலின் நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் அப்பூச்சியை விலக்குகின்றன. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண்பூச்சி இதன் கோலத்தைப் பூண்டு உயிர் பிழைக்கிறது! எந்தக் கற்பனைக் கதை இதனை விஞ்சும்?

2019இல் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் மறவனை' மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. பெயர் பெருமைக்குரியதே, ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது. சமவெளிப் பிள்ளைக்கு எழுதுபவர் அதனை முதற்பக்கத்தில் வைத்தால், அப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து அதனைத் தேடி ஏமாறும். கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையை முதலில் காட்டலாம். அதன் இலைமேல் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது எச்சமன்று. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. சில நாளில் அது பச்சை நிறம் கொள்ளும்.