ஆலை நின்றது, கூலி நிற்கவில்லை



"சார், ராத்திரி பதினொரு மணிக்கும் ஆபீஸ் மெசேஜ் வருது" என்று என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் நேற்று போனில் வருந்தினார். உங்களில் பலர் இன்று மேலாளர்கள். உங்களுக்காக ஒரு பழைய வரலாறு.

1800இல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலை நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் ஏற்றார். வேல்ஸ் நாட்டுக்காரரான அவரைத் தொழிலாளர்கள் முதலில் நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பஞ்சு விலை ஏறி, நூற்பு நான்கு மாதம் நின்றது. ஓவன் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்து வைக்கச் சொல்லி முழுக்கூலியும் கொடுத்தார். அதன்பிறகுதான் அவர்மேல் நம்பிக்கை பிறந்தது.

வேலை நேரத்தையும் குறைத்தார். வேறு ஆலைகளில் 13, 14 மணி நேரம் உழைத்த காலம் அது. 1816இல் அவருடைய ஆலையில் பத்தே முக்கால் மணி நேரம்தான். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். இவ்வளவு செய்தும் ஆலை லாபத்தில்தான் ஓடியது.

பிள்ளைகளே, உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் வீட்டிலும் அவருக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பவர்கள் உண்டு. இன்றிரவு அனுப்ப நினைத்த மெசேஜை நாளைக் காலையில் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்