ஐந்தாம் இணையும் எட்டாம் நரம்பும்

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா, மூளையிலிருந்து கிளைக்கும் நரம்புகளை ஏழு இணைகளாக 'அல்கானூன்' நூலில் வகுத்தார், கேள்விப்புலனை ஐந்தாம் இணைக்கு உரியதாக்கினார். இது ஜாலீனூஸ் என்னும் கிரேக்க மருத்துவர் வழிவந்த வரிசை. தலைச்சுற்றலையோ அவர் மூளை நோய்களுள் வைத்து, இரைப்பையாலும் அது நேரலாம் என்றார். செவிநோய்கள் வேறோர் இயலில் அமைந்தன. உடலை நிலைநிறுத்தும் புலன் செவிக்குள்ளேயே இருப்பது அன்று அறியப்படவில்லை. அதற்காக அவரைக் குறைகூறுவது முறையன்று. ஐரோப்பாவும் பின்னர் எட்டு நூற்றாண்டுகள் அவ்வாறே கருதியது.

1778இல் ஸோம்மரிங் நரம்புகளைப் பன்னிரண்டு இணைகளாக எண்ணியபோது செவிநரம்பு எட்டாவதாயிற்று. கோட்டுச்சேரிமேடு உள்ளிட்ட நம் காரைக்கால் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1861இல், பாரிசில் காதுகேளாதோர் நிலையத்தின் மருத்துவர் மெனியேர், சுற்றலுக்கு உட்செவியும் காரணமாகலாம் என அறிவித்தார். அதுவரை மூளையில் இரத்தம் மிகுந்ததாகக் கொண்டு, நோயாளியின் குருதியை வடித்துவந்தனர்!

தமிழகம் இந்நரம்பைக் காசநோய் வழியே அறிந்தது. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் உயிர்காத்தது; ஆயின் உட்செவியின் மயிரணுக்களை அழித்தது. அவை மீண்டும் முளைப்பதில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது. வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் தரும் முறையையும் அது ஆராய்ந்து, 1964இல் முடிவை வெளியிட்டது.

சமநிலை இழந்தவர் பகலில் ஓரளவு நடப்பார். கண்ணும் பாதமும் துணைசெய்யும். இருளில் தடுமாறுவார். ஒளுச் செய்கையில் முகத்தில் நீரூற்றிக் கண்மூடும் நொடியே அவருக்கு இடர். இம்மருந்தால் பாதிக்கப்பட்ட அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952இல் தம் நிலையை எழுதினார்: நாடித்துடிப்பால் எழுத்துகள் ஆடியதால், கட்டிற்கம்பிகளுக்கிடையே தலையை ஊன்றியே அவரால் படிக்க முடிந்ததாம்.

மீள்சிகிச்சைக்கு வழங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் சேர்ந்த முறையை 2017இலும், செவிப்புலனைக் கெடுக்கும் கானமைசினை 2018இலும் உலக சுகாதார நிறுவனம் விலக்கியது. முன்னரே ஊசி ஏற்றோர் நம்மிடையே உள்ளனர். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்னும் சலுகை இவர்களுக்கும் உண்டு. ஆயினும் ஊனம் வெளியே தெரியாமையால், பள்ளிவாசலில் நாற்காலி கேட்க இவர்கள் கூசுகின்றனர்.