வயசானா குள்ளமாகும் மூங்கில் வீடு... எத்தியோப்பியாவில் இப்படியும் ஒரு அதிசயம்!

தெற்கு எத்தியோப்பியாவின் மலைப்பகுதியில் வாழும் டோர்சே மக்களின் வீட்டை தூரத்திலிருந்து பார்த்தா, யானைத் தலை மாதிரியே இருக்கும். மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவது போல பின்னிக் கட்டிய வீடு அது.

வீடு ஏன் குள்ளமாகுது?

மண்ணைத் தொடும் அடிப்பகுதியைக் கரையான் அரிக்கும். அதுக்காக வீட்டையே இடிக்க மாட்டாங்க. அரித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துடுவாங்க. இதனால் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பிய வீடு வருஷங்கள் போகப் போக உயரம் குறையும்.

மூங்கிலில் என்ன லாபம்?

மூங்கில் மரமல்ல, புல் வகை. 3 முதல் 5 ஆண்டுகளில் கட்டுமானத்துக்குத் தயாராகிடும். முற்றிய கழிகளை மட்டும் வெட்டினா, அதே தூரிலிருந்து மறுபடியும் முளைக்கும். ஆப்பிரிக்காவில் மூங்கில் காடுகள் அதிகம் உள்ள நாடுகளில் எத்தியோப்பியா முக்கியமானது.

அப்போ சிக்கல் எங்கே?

மூங்கிலில் உள்ள மாவுச்சத்து பூச்சிகளை இழுக்கும். பதப்படுத்தாமல் கட்டினா சில வருஷத்திலேயே உளுத்துப்போகும். போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அண்டாது. ஆனா, மழையிலும் ஈர மண்ணிலும் அந்த மருந்து கரைந்துவிடும். அதனால் உயர்த்திய கல் அடித்தளமும், அகலமான கூரையும் கட்டாயம்.

மூங்கில் கட்டடங்களுக்கான ஐஎஸ்ஓ 22156 சர்வதேச தரவிதி 2021-ல் புதுப்பிக்கப்பட்டது. விதி இருக்கு, மூங்கிலும் இருக்கு. பதப்படுத்தும் வசதி கிராமத்துக்கு வந்தால்தான், கரையானுக்காக வீட்டை வெட்டும் நிலை மாறும்.