மறதிநோயுள்ள பெற்றோர் பராமரிப்பு இல்லத்தில் பழகிக்கொள்ள உதவுவது எப்படி?

டிமென்சியா எனப்படும் மறதிநோய், முதுமையில் இயல்பாக ஏற்படும் மறதி அன்று. மூளையின் நரம்பணுக்கள் பாதிக்கப்படுவதால் நினைவாற்றல், சிந்தனை, மொழி, நடத்தை ஆகியவை படிப்படியாகக் குன்றும் நிலையாகும். அல்சைமர் நோயே இதற்கு முதன்மைக் காரணம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இவர்களுள் பெரும்பாலோரைக் குடும்பத்தினரே கவனித்துக்கொள்கின்றனர். எனினும், இரவும் பகலும் கண்காணிப்பு தேவைப்படும்போதோ, கவனிப்பவரின் உடல்நலம் குன்றும்போதோ பராமரிப்பு இல்லத்தை நாட நேரிடலாம். இது பெற்றோரைக் கைவிடுவதாகாது. இல்லத்தில் சேர்த்தபின் உங்கள் பொறுப்பின் வடிவம் மாறுகிறதே தவிர, பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

பழகுவது ஏன் கடினம்?

மறதிநோயில் புதிய செய்திகளே முதலில் மறக்கின்றன. பல ஆண்டுப் பழக்கங்கள் நெடுநாள் நிலைத்திருக்கின்றன. நேற்றுப் பார்த்த அறை இன்று அவருக்குப் புதிதாகத் தோன்றலாம். எனவே, புதிய இடத்தை அவருக்குக் கற்பிக்க முயல்வதைவிட, அவருடைய பழைய பழக்கங்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்வதே பயன்தரும்.

சேர்ப்பதற்கு முன்

• எல்லா முதியோர் இல்லங்களும் மறதிநோயாளரைக் கவனிக்கும் வசதி உடையவை அல்ல. இரவுப் பணியாளர்கள் எத்தனை பேர், வெளியே சென்றுவிடாமல் காப்பது எவ்வாறு, மருத்துவர் எப்போது வருவார் என்பவற்றைக் கேட்டறியுங்கள். கட்டிவைக்கும் வழக்கமுள்ள இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்.
• இல்லத்தின் பதிவு குறித்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.
• ஒரு பக்கத்தில் பழக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அவரை எவ்வாறு அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், எப்போது எழுவார், காப்பியா தேநீரா, எதற்கு அஞ்சுவார், என்ன தொழில் செய்தார், என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்.

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் நிலத்தில் உழைத்த ஒருவர் விடியுமுன் எழுந்து வாசலுக்குச் செல்ல முற்படலாம். அதன் காரணம் தெரிந்த பணியாளர் அவரைத் தடுக்காமல், உடன் நடந்து அழைத்து வருவார். மல்லாட்டை உரிப்பது போன்ற கைப்பழக்கமான வேலையும் மன அமைதி தரும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர் பருப்பை வாயில் இட்டுக்கொள்ளாதவாறு ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

சேர்க்கும் நாளில்

அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் அழைத்துச் செல்லுங்கள். மறதிநோயாளர் பலருக்கு மாலையில் குழப்பம் மிகும். திருவண்ணாமலை வழியாகச் செல்ல வேண்டியிருப்பின் பௌர்ணமி நாட்களையும் கார்த்திகை தீப நாட்களையும் தவிர்ப்பது நலம். கிரிவலக் கூட்டமும் நெடுநேரக் காத்திருப்பும் அவரைக் கலங்கச் செய்யும். அவருடைய போர்வை, பூசைப் படம், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, குடும்பப் புகைப்படம் ஆகியவற்றை அவர் வருவதற்கு முன்பே அறையில் வைத்துவிடுங்கள்.

“வீட்டுக்குப் போகலாம்” என்று கேட்டால்

“இதுதான் இனி உங்கள் வீடு” என்று வாதிட வேண்டா. “நாளை அழைத்துச் செல்கிறேன்” என்று பொய்யான வாக்கும் தர வேண்டா. அச்சொற்களுக்குப் பின்னால் அச்சமோ, பசியோ, வலியோ, கழிப்பறை செல்ல வேண்டிய தேவையோ இருக்கலாம். முதலில் அதனைக் கவனியுங்கள். பின்னர், “வீட்டு நினைவு வந்துவிட்டதா, அம்மா? நம் கிணற்றடியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதுபோல் அவர் மனநிலையை ஒட்டிப் பேசுங்கள். சில நிமிடங்களில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பக்கூடும்.

முதல் சில வாரங்கள்

பழகுவதற்குச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகலாம். நெடுநேரம் இருப்பதைவிடக் குறுகிய நேரம் அடிக்கடி வருவது நல்லது. நீங்கள் விடைபெறும் நேரம் அவருடைய உணவு வேளையாக அமைந்தால் பிரிவின் கலக்கம் குறையும். உங்கள் பெயரை அவர் மறந்துவிடலாம். ஆயினும் உங்கள் குரலும் தொடுகையும் தரும் ஆறுதலை அவர் உணரக்கூடும். நீங்கள் வந்ததை மறந்துவிடுவார் என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

ஓரிரு நாட்களில் திடீரென மிகும் குழப்பம் அல்லது மயக்கநிலை, காய்ச்சல், உணவு அல்லது நீர் மறுத்தல், கீழே விழுதல் ஆகியவற்றை “இடம் மாறியதால்தான்” என்று விட்டுவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவை காரணமாக இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவர் பரிந்துரைக்காத தூக்க மருந்தையோ அமைதிப்படுத்தும் மருந்தையோ கொடுக்கக் கூடாது.

உதவி பெற

• திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.
• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416. கவனிப்போரும் தம் மனச்சோர்வு, குற்றவுணர்வு குறித்துப் பேசலாம்.
• முதியோர் உதவி எண்: 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை.
• பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி, மூத்த குடிமக்களைக் கவனிக்கும் பொறுப்புடையோர் அவர்களைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.