துணிக்கடைக்காரர் வகுத்த பந்தயமுறை

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறலாமென்று 1885-இல் அனுமதி பிறந்தபின், வாராவாரம் சம்பளம் கொடுக்கவேண்டிய சங்கங்களுக்கு நிச்சயமான வருமானம் இல்லாமற்போயிற்று. ஏனெனில், கோப்பைப் பந்தயம் குறுக்கிட்டால் முன்பே பேசிவைத்த ஆட்டத்தை எதிர்க்கோஷ்டி ரத்துசெய்துவிடும். சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில், ஆலைப் புழுதி படிந்த உடையோடு மைதானத்துக்கு வந்த தொழிலாளி ஆட்டம் காணாமலே வீடு திரும்புவான்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க முன்வந்தவர், பர்மிங்காமில் துணிக்கடை நடத்திய ஸ்காட்லாந்துக்காரரும் ஆஸ்டன் வில்லா சங்கத்தின் நிர்வாகிகளுள் ஒருவருமான வில்லியம் மக்ரெகர். பத்துப் பன்னிரண்டு பிரதான சங்கங்கள் ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் மற்றதைத் தன் மைதானத்தில் ஒருமுறையும் அதன் மைதானத்தில் ஒருமுறையும் சந்திக்கட்டும் என்பதே 1888 மார்ச் 2-ஆம் தேதி அவர் எழுதிய கடிதத்தின் சாரம். எளிய யோசனைதான், ஆயினும் இன்று தேசந்தோறும் நடக்கும் லீக் பந்தயங்களுக்கெல்லாம் மூலவித்து அதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் லீக் ஸ்தாபிதமாயிற்று. லங்காஷயரிலிருந்து ஆறு, மத்திய ஜில்லாக்களிலிருந்து ஆறு, ஆக 12 சங்கங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்ற கணக்கு, செப்டம்பரில் ஆட்டங்கள் ஆரம்பமான பிறகு, நவம்பரில்தான் தீர்மானமாயிற்று. அச்சங்கங்களுள் ஒன்றான பிரஸ்டன், அந்த முதற்பருவத்தின் 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றது. 1892-இல் இரண்டாம் பிரிவு சேர்ந்தது. கீழ்ப்பிரிவில் முதல்வந்தோர் மேலேறுவதும் மேற்பிரிவில் கடைசியானோர் கீழிறங்குவதும் 1898-இல் விதியாயின.