நுண்வித்து வட்டம் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

நுண்வித்து வட்டம் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனப்படும் கற்பனைப் பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், துரூயிட் வகுப்பின் கீழ் வரும் ஓர் உட்பிரிவு ஆகும். பூஞ்சையும் அழுகலும், இறந்த உடல் பிற உயிர்களுக்கு உணவாவதும் இதன் கருப்பொருள்கள். பசியையும் சிதைவையும் இயற்கைக்குப் புறம்பான தீமைகளாகக் கருதாமல் இயற்கைச் சுழற்சியின் ஒரு பகுதியாகக் காண்பதால் இது பிற துரூயிட் வட்டங்களிலிருந்து வேறுபடுகிறது. இவ்வுட்பிரிவு 2018 ஆம் ஆண்டில் ராவ்னிகா உலகைப் பற்றிய விதிநூலிலும், சில மாற்றங்களுடன் 2020 ஆம் ஆண்டில் தாஷாவின் பெயரில் வெளிவந்த விதிநூலிலும் இடம்பெற்றது.

பின்னணி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரால் உருவாக்கப்பட்டு 1974 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரை ஏற்று நடத்துவார். ஆட்ட நடத்துநர் ஒருவர் உலகையும் நிகழ்வுகளையும் விவரிப்பார். முயற்சிகளின் வெற்றி தோல்வியைப் பகடைகள் முடிவு செய்யும். வீரர், மந்திரவாதி, துரூயிட் போன்ற வகுப்புகள் கதைமாந்தரின் திறன்களை வரையறுக்கின்றன.

துரூயிட் என்ற சொல் பண்டைய கெல்ட்டிய மக்களின் குருமாரைக் குறிக்கும். இவர்களைப் பற்றி யூலியசு சீசர், மூத்த பிளினி முதலிய உரோமானியர்கள் எழுதியுள்ளனர். ஓக் மரத்தில் வளரும் புல்லுருவியைத் துரூயிட்டுகள் பொன் அரிவாளால் அறுப்பர் என்பது பிளினி தரும் செய்தி. விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில் புல்லுருவி துரூயிட்டின் புனிதச் சின்னமாக இடம்பெற்றதற்கு இதுவே மூலம். துரூயிட் 1976 இல் வெளிவந்த துணைநூல் ஒன்றின் வழியாக ஆட்டக்காரர்களுக்கான வகுப்பாக அறிமுகமானது. அவ்வகுப்பை டென்னிஸ் சஸ்டேர் உருவாக்கினார். 2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, துரூயிட் தம் இரண்டாம் நிலையில் ஒரு "வட்டத்தை"த் தேர்ந்தெடுக்க வேண்டும் என விதித்தது. அந்நூலில் நிலவட்டம், திங்கள் வட்டம் ஆகிய இரண்டு மட்டுமே இருந்தன.

விளையாட்டில் பசி

ஐந்தாம் பதிப்பின் 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு கதைமாந்தருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு உணவு தேவை. உணவின்றி அவர் தாங்கக்கூடிய நாட்கள், மூன்றுடன் அவரது உடல்வலு மாற்றெண்ணைக் கூட்டிக் கணக்கிடப்படும். இத்தொகை ஒன்றுக்குக் குறையாது. அதன்பின் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு படி களைப்பு ஏறும். களைப்பு ஆறாம் படியை அடைந்தால் மரணம்.

துரூயிட் உடனிருக்கும் குழுவில் இவ்விதி பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. "நற்கனி" என்னும் முதல்நிலை மந்திரம் பத்துக் கனிகளைத் தருகிறது. ஒரு கனியே ஒருவருக்கு ஒரு நாள் உணவாகும். உணவையும் நீரையும் தூய்மையாக்கும் மந்திரமும், நீரை உண்டாக்கும் மந்திரமும் துரூயிட்டிடம் உண்டு. தாவரங்களைச் செழிக்கச் செய்யும் மந்திரத்தை எட்டு மணிநேரம் ஓதினால், அரை மைல் ஆரத்துக்குட்பட்ட நிலம் ஓராண்டுக்கு இருமடங்கு விளைச்சல் தரும். பாலைவனப் பயணத்தையோ முற்றுகையையோ கதையாக்க விரும்பும் ஆட்ட நடத்துநர் இம்மந்திரங்களை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். சிலர் நற்கனி மந்திரத்தைத் தம் ஆட்டத்தில் கட்டுப்படுத்துவதும் உண்டு.

இதே வகுப்பிடம் பயிரைக் கருக்கும் மந்திரமும் உள்ளது. உயிரினமாகக் கருதப்படாத மரமோ செடியோ அதனால் தாக்கப்பட்டால் உடனே வாடி மடியும். ஊட்டவும் பட்டினி போடவும் வல்லவர் துரூயிட் என்ற இந்த இருமையே நுண்வித்து வட்டத்தில் மையக் கருத்தாகிறது.

கோல்காரி கூட்டம்

ராவ்னிகா என்பது மேஜிக்: த கேதரிங் என்னும் சீட்டு விளையாட்டுக்காக உருவாக்கப்பட்டு, 2005 இல் வெளிவந்த சீட்டுத் தொகுதியில் அறிமுகமான கற்பனை உலகம். உலகம் முழுவதும் ஒரே நகரமாகப் பரந்துள்ளது. பத்துக் கழகங்கள் அதனை ஆள்கின்றன. அவற்றுள் ஒன்றான கோல்காரி கூட்டம் நகரின் அடித்தளத்தில் வாழ்கிறது. கழிவுகளையும் பிணங்களையும் அழுகச் செய்து, அந்த எருவில் பூஞ்சைகளை வளர்த்து, நகர ஏழைகளுக்கு உணவளிப்பது இதன் பணி. மேல்தளத்தார் இக்கழகத்தை அருவருப்புடன் நோக்கினாலும் அதன் உணவின்றி நகரத்தின் பசி தீராது. நுண்வித்து வட்டத்துத் துரூயிட்டுகள் முதன்மையாக இக்கழகத்தைச் சேர்ந்தவர்களாகவே முதலில் வடிவமைக்கப்பட்டனர்.

திறன்கள்

வித்து ஒளிவட்டம் (2 ஆம் நிலை): துரூயிட்டைச் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத நச்சு வித்துகள் பரவியிருக்கும். 10 அடிக்குள் வரும் உயிரினத்தைத் துரூயிட் எதிர்வினையாகத் தாக்கலாம். பாதிப்பு நான்முகப் பகடையில் தொடங்கி, 6, 10, 14 ஆம் நிலைகளில் முறையே ஆறுமுக, எண்முக, பத்துமுகப் பகடையாக உயரும்.

கூட்டுயிர் நிலை (2 ஆம் நிலை): விலங்குருவம் எடுக்கும் ஆற்றலில் ஒரு பயன்பாட்டைச் செலவழித்து, நிலை ஒன்றுக்கு நான்கு வீதம் தற்காலிக உயிர்ப்புள்ளிகள் பெறலாம். பத்தாம் நிலைத் துரூயிட்டுக்கு இது 40 புள்ளிகள். இந்நிலை 10 நிமிடம் நீடிக்கும். அதற்குமுன் அப்புள்ளிகள் தீர்ந்தால் நிலையும் முடிந்துவிடும்.

பூஞ்சைத் தொற்று (6 ஆம் நிலை): அருகில் இறக்கும் சிறிய அல்லது நடுத்தர அளவுள்ள விலங்கையோ மனித வடிவினரையோ ஒரே ஓர் உயிர்ப்புள்ளியுள்ள நடைப்பிணமாக ஒரு மணிநேரத்துக்கு எழுப்பலாம்.

பரவும் வித்துகள் (10 ஆம் நிலை): 30 அடிக்குள் ஓரிடத்தில், பக்கத்துக்கு 10 அடியுள்ள கனசதுரப் பரப்பில் வித்துகளை ஒரு நிமிடம் நிலைநிறுத்தலாம்.

பூஞ்சை உடல் (14 ஆம் நிலை): குருடாதல், செவிடாதல், அச்சம், நஞ்சேறல் ஆகியவை அணுகா.

ராவ்னிகா நூலில் கூட்டுயிர் நிலையில் ஆயுதத் தாக்குதலுடன் சேரும் கூடுதல் பாதிப்பு நச்சு வகையைச் சேர்ந்தது. 2020 ஆம் ஆண்டு நூலில் அது உயிரழிக்கும் வகையாக மாற்றப்பட்டது.

கருத்தியல்

இவ்வட்டத்தார் மரணத்தை முடிவாகக் கொள்வதில்லை. அது ஒரு நிலைமாற்றம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே நடைப்பிணங்களை எழுப்புவதை அவர்கள் குற்றமாகக் கருதுவதில்லை. ஆயினும் இதற்கு எல்லை உண்டு. எல்லா உயிரையும் பிணமாக்க முனைபவை, இறுதி ஓய்வுக்குச் செல்ல மறுப்பவை ஆகியன சுழற்சியை உடைப்பவையாதலால் அவர்களுக்குப் பகையாகும். உண்பது எதுவும் ஒருநாள் உணவாக வேண்டும். உண்டுகொண்டே இருந்து தான் உணவாக மறுக்கும் பசியே இவ்வட்டத்தார் எதிர்க்கும் தீமை எனலாம்.

இயற்கையுடன் ஒப்பீடு

மட்குண்ணிப் பூஞ்சைகள் இறந்த மரத்தையும் சருகையும் சிதைத்துச் சத்துகளை மண்ணுக்குத் திருப்புகின்றன. மட்கிய வைக்கோலிலும் எருவிலும் உண்ணத்தக்க காளான் வளர்ப்பது உலகெங்கும் நடைபெறும் தொழில். ஓபியோகார்டிசெப்சு இனப் பூஞ்சை எறும்பின் உடலில் தொற்றி அதன் நடத்தையை மாற்றுகிறது. எறும்பு செடியின் இலையைக் கவ்வியபடி இறந்தபின் அதன் தலைப்பகுதியிலிருந்து பூஞ்சை வளர்ந்து வித்துகளைப் பரப்புகிறது. விளையாட்டில் தொற்று இறந்த உடலை இயக்குகிறது, இயற்கையில் பூஞ்சை உயிருள்ள எறும்பையே இயக்குகிறது என்பது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பிற்காலம்

2024 இல் வெளிவந்த திருத்திய ஆட்டக்காரர் கையேட்டில் நிலம், திங்கள், கடல், விண்மீன் ஆகிய நான்கு வட்டங்கள் இடம்பெற்றன. நுண்வித்து வட்டம் அந்நூலில் சேர்க்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

பூஞ்சை
காளான் வளர்ப்பு
கெல்ட்டியர்
பாத்திர விளையாட்டு